வெங்காயம் வேண்டாம்னா விலை குறையல, சீஸ் கேட்டா ஏறுது: இந்தக் கணக்கை யார் போடுறாங்க?

#1 மழைக்குருவி

ரொம்ப நாளா மனசுல உறுத்துற கேள்வி. ஒரே பெயர்ப் பலகை, ஒரே பர்கர், ஒரே டப்பா. ஆனா ரெண்டு கிளையில ரெண்டு விலை. நேத்து ஒரு கிளையில வெங்காயமும் சாஸும் வேண்டாம்னு சொன்னேன், பில்லுல ஒண்ணும் குறையல. கூட ஒரு துண்டு சீஸ் கேட்டேன், மறு நொடியே ஏறிடுச்சு.

கவுண்டர்ல நின்ன தம்பிகிட்ட கேட்டேன். "மெஷின்ல அப்படித்தாங்க இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். வெளியே வந்தப்புறம்தான் தோணுச்சு: நான் வாங்கின காம்போவை அந்தத் தம்பி தன் காசுல வாங்கணும்னா அந்தக் கவுண்டர்ல எவ்வளவு நேரம் நிக்கணும்?

விலை, ஸ்பெஷல் ஆர்டர், சம்பளம். இந்த மூணையும் முடிவு பண்றது கம்பெனியா, கிளை எடுத்தவரா? உள்ளே வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

#2 சும்மா_வந்தவன்

மூணையும் முடிவு பண்றது நம்ம பசி. இழை முடிஞ்சது, எல்லாரும் கிளம்புங்க.

#3 பழைய_கல்லா

வெங்காயக் கதையை நான் சொல்றேன். நாலு வருஷம் கவுண்டரும் கிச்சனும், அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஷிஃப்ட் மேனேஜர். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க.

உங்க பர்கர்ல போற வெங்காயம் ஒரு சிட்டிகை. அதைச் சுத்திக் கொடுக்கிற காகிதம் அதைவிட விலை அதிகம். அதைப் போடலைன்னா கடைக்கு மிச்சம்னு நீங்க நினைக்கிறீங்க. உண்மையில கடைக்கு அது கூடுதல் செலவு. ஏன்னா அங்க விலை போறது பொருள் இல்ல, கை.

டோஸ்டர்ல இருந்து பன் விழுந்ததும் சாஸ் துப்பாக்கி ஒரு அமுக்கு, வெங்காயம், பிக்கிள் (ஊறவெச்ச வெள்ளரித் துண்டு) ரெண்டு, சீஸ், மேல பேட்டி (நேர்காணல் இல்லைங்க, இறைச்சி வட்டு). பழகின கை திரையை நிமிர்ந்தே பார்க்காது. ஒரே மாதிரி ஆறு வந்தா ஆறு பன்னையும் வரிசையா விரிச்சு, ஆறுக்கும் ஒரே வீச்சுல போட்டுட்டுப் போயிட்டே இருப்போம். நாலாவது மட்டும் "வெங்காயம் இல்லை, சாஸ் இல்லை"ன்னு வந்தா அந்த ஓட்டம் அறுந்துடும். நிமிர்ந்து பார்க்கணும். அந்த ஒண்ணை ஒதுக்கணும். டப்பாவுல ஸ்டிக்கர் ஒட்டணும். கட்டுறவன் அதைச் சரியான பையில போடணும். எங்க சறுக்கினாலும் முழு பர்கரும் குப்பைக்கு, மறுபடி முதல்ல இருந்து. அப்படி ஒரு பர்கர் குப்பைக்குப் போனா, எத்தனை பேர் வெங்காயத்தை விட்டுக் கொடுத்து அதை ஈடுகட்டணும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

சீஸ் வேற. ராத்திரி கடை சாத்தும்போது துண்டு துண்டா எண்ணுவோம். பில்லுல இருக்கிற எண்ணிக்கைக்கும் மிச்சம் இருக்கிறதுக்கும் ஒத்துப் போகலைன்னா காலையில மேனேஜர் பதில் சொல்லணும். வெங்காயத்தை எவனும் எண்ண மாட்டான்.

#4 மழைக்குருவி

அப்போ நான் வெங்காயம் வேண்டாம்னு சொல்லும்போதெல்லாம் உள்ளே திட்டுவீங்களா?

#5 பழைய_கல்லா

அதுக்கெல்லாம் இல்லை. உப்பில்லாத ஃப்ரைஸ் கேக்கிறவங்களைத் திட்டியிருக்கேன், மறைக்கல.

சூடா புதுசா கிடைக்கும்னு ஒரு தந்திரமா இது ஊரெல்லாம் பரவிடுச்சு. தட்டுல இருக்கிற ஃப்ரைஸ் எல்லாத்துலயும் உப்பு இருக்கும். உப்பில்லாம வேணும்னா புதுக் கூடை எண்ணெயில இறக்கணும், மூணு நிமிஷம் ஆகும். உப்பு படாத இடத்துல தனியா கொட்டணும், அள்ளுற கரண்டியைத் துடைக்கணும். இவ்வளவும் பண்ணிக் கொடுத்தா அந்த ஆள் ஓரமா போய் நின்னு உப்புப் பொட்டலத்தைப் பிரிப்பார். "புதுசா போட்டுக் கொடுங்க, காத்திருக்கேன்"னு நேரா கேட்டா போதும். நேரம் அதேதான், எங்களுக்கு வேலை பாதி.

உடம்புக்கு ஒத்துக்காதுன்னு சொல்றவங்க விஷயம் இதுல சேராது. அலர்ஜின்னு தெளிவா சொல்லுங்க. கையுறை மாத்துவோம், பலகையைத் துடைப்போம், வேற ஆளே செய்வார். "பிடிக்காது"ன்னு சொன்னா மேல இருக்கிறதை எடுத்துட்டுக் கொடுக்கிற சோம்பேறியும் கிச்சன்ல உண்டு. நான் பார்த்திருக்கேன்.

#6 நள்ளிரவு_ஷிஃப்ட்

இப்பவும் வேலையில இருக்கேன், அதனால சுருக்கமா. கோபம் கஸ்டமர் மேல இல்லைங்க, டைமர் மேல.

டிரைவ் த்ரூவில (கார்ல இருந்தபடியே வாங்கிட்டுப் போற பாதை) தரைக்குள்ள ஒரு கம்பிச் சுருள் புதைச்சிருப்பாங்க. கார் வந்து நின்னதும் எங்க தலைக்கு மேல இருக்கிற திரையில நொடி ஓட ஆரம்பிக்கும். முதல்ல பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. சராசரி எத்தனைன்னு மேல இருக்கிறவங்களுக்கு நாள் தவறாம போகுது. ஸ்பெஷல் ஆர்டர்னா இந்த நொடி கூடும், ஆனா "இவர் மூணு மாத்தம் கேட்டார்"னு டைமருக்குத் தெரியாது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்துங்க, கொண்டு வந்து தர்றோம்"னு சொல்றோமே, அது எதுக்குன்னு நினைச்சீங்க? கார் அந்தச் சுருளை விட்டு நகர்ந்தா கடிகாரம் நின்னுடும். அதுக்கப்புறம் ஒரு ஆள் பையைத் தூக்கிட்டு வெளியே ஓடணும். அவன் நேரத்தை எந்தத் திரையும் எண்ணுறதில்ல.

#7 அரைத்தட்டு

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம். ஸ்பெஷல் ஆர்டர் என்பதே இந்தத் தொழிலின் பிறவி எதிரி. மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-ல் சான் பெர்னார்டினோ கடையை மூடி, மறுபடி திறந்தபோது மெனுவை ஒன்பது ஐட்டமாக வெட்டினார்கள். காருக்கே வந்து பரிமாறிய பணியாளர்களை நிறுத்தினார்கள். பர்கர் 15 சென்ட். எல்லா பர்கரிலும் ஒரே அளவு கெட்சப், கடுகு, வெங்காயம், ரெண்டு பிக்கிள். அந்த விலை வந்ததே யாரும் எதையும் மாற்றிக் கேட்க முடியாது என்பதால்தான்.

அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் புகுந்தார்கள். 256 விதமாகச் செய்து தருகிறோம் என்று வெண்டீஸ் விளம்பரம் செய்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை: எட்டுப் பொருள், ஒவ்வொன்றும் வேணுமா வேண்டாமா, இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. பர்கர் கிங் 1974-ல் "உங்கள் இஷ்டப்படி" என்பதையே தன் கோஷமாக்கியது. மெக்டொனால்ட்ஸ் முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கும் முறையை விட்டு, ஆர்டர் வந்த பிறகு செய்யும் சமையலறைக்கு 1998 வாக்கில் மாறியது. கருவி மாற்றும் செலவில் கணிசமான பங்கு கிளை எடுத்தவர்கள் தலையில். சுவை கூடியதோ இல்லையோ, காத்திருக்கும் நேரம் கூடியது என்று அவர்களே புலம்பினார்கள்.

மலிவு, வேகம், இஷ்டப்படி. மூன்றையும் ஒரே பலகையில் எழுதிவிட்டார்கள். ஒத்துப்போகாத மூன்றையும் ஒத்துப்போக வைக்கிற வேலை நள்ளிரவு தம்பி கையில்.

#8 சும்மா_வந்தவன்

மெக்டொனால்ட்ஸ்ல ஐஸ்கிரீம் மெஷின் எப்பவும் ரிப்பேர்னு சொல்றாங்களே, அதுக்கும் ஒரு வரலாறு இருக்கா?

#9 அரைத்தட்டு

இருக்கு. கிருமி போக ராத்திரியில் பல மணி நேரம் கலவையைச் சூடேற்றிக் குளிர்விக்கும் சுற்று நடுவில் தடைபட்டால் மெஷின் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்க மென்பொருள் அனுமதி வேண்டும், அது தயாரித்தவர் கையில். இப்படிச் சில்லறை உணவுக் கடைக் கருவிகளின் மென்பொருள் பூட்டை ரிப்பேருக்காகத் திறக்கலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் விலக்கு கொடுத்தது. மேலும் வேண்டுமானால் தனி இழை திறங்க.

#10 ரெண்டாவது_கடை

மூணு வருஷமா இந்தத் தளத்தைப் படிக்கிறேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன். எனக்கு ரெண்டு கிளை இருக்கு, ஒரே பிராண்ட். இங்க முதலாளின்னா கொழுத்தவன்னு ஒரு படம் ஓடிட்டிருக்கு. அதனால என் முதல் கடையோட கணக்கைப் பிரிச்சு வைக்கிறேன். இது என் கடை, மத்தவங்களுக்கு மாறும்.

100-க்கு வித்தா: சாப்பாட்டுப் பொருளும் காகிதமும் 30. சம்பளம் 28. வாடகை 10. ராயல்டி (பிராண்ட் பேருக்காகக் கம்பெனிக்குக் கட்டுறது) 5. விளம்பர நிதி 4. மின்சாரம், காப்பீடு, ரிப்பேர், கார்டு கமிஷன், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 13. மிச்சம் 10. அதுல பாதி பேங்க் கடனுக்கு.

இப்போ இதுல எந்த வரியில நான் பேனாவை வைக்க முடியும்னு பாருங்க. பொருளை அவங்க சொன்ன சப்ளையர்கிட்டதான் எடுக்கணும், விலை அங்கயே முடிவாகி வரும். கட்டடத்தை அவங்களே குத்தகைக்கு எடுத்து எனக்கு உள்குத்தகை விட்டிருக்காங்க. ராயல்டியும் விளம்பரமும் ஒப்பந்தத்துல அடிச்ச ஆணி. கடனும் அப்படித்தான். ரிப்பேரைத் தள்ளிப் போடலாம், ஒரு மாசம். விலையை ஓரளவு மாத்தலாம், ஆனா ஊர் முழுக்க விளம்பரத்துல போட்ட விலையைத் தாண்டினா சண்டை.

மிஞ்சுறது அந்த 28 மட்டும்தான். நான் கெட்டவன்னு அர்த்தம் இல்லை, என் கைக்கு எட்டுற ஒரே திருகு அதுதான். மேல ஒவ்வொரு தடவை எதையாவது இறுக்கும்போதும் நான் கீழ அதைத் திருகுறேன்.

ரெண்டு கிளையில ரெண்டு விலை ஏன்னு கேட்டீங்களே. என் ரெண்டாவது கடை பயணிகள் வந்து போற இடத்துல இருக்கு. வாடகை ரெட்டிப்பு, வேற சாப்பாட்டுக் கடையும் பக்கத்துல இல்ல. அங்க நான் கூடுதலா வாங்கறேன். செலவுக்காகப் பாதி, வாங்க முடியுதுங்கறதுக்காகப் பாதி. வேற மாதிரி சொன்னா பொய்.

#11 எண்கணக்கு

ரெண்டாவது கடைக்காரர் போட்ட கணக்கு நேர்மையான கணக்கு. அதில் ஒரு வரி எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது: ராயல்டி விற்பனை மேல், லாபம் மேல் இல்லை. கிளை நட்டத்தில் ஓடினாலும் கம்பெனிக்கு அந்த 5 வந்து சேரும். ஆக கம்பெனி விரும்புவது கூட்டம், கிளைக்காரர் விரும்புவது மிச்சம். எப்போதும் இரண்டும் ஒன்றல்ல.

மெக்டொனால்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அவர்கள் கடைகளில் சுமார் 95 சதவீதம் பிரான்சைஸ், அதாவது வெளியாட்கள் கிளை எடுத்து நடத்துபவை. அவர்களின் பெரிய வருமானம் பர்கரில் இல்லை, வாடகையிலும் ராயல்டியிலும். அவர்களின் ஆரம்பகால நிதி அதிகாரி ஹாரி சோன்போர்ன் 1950-களில் போட்டுக் கொடுத்த வழி இது: நிலத்தைத் தாங்களே பிடித்து, கிளை எடுப்பவருக்குக் கூடுதல் வாடகைக்கு விடுவது. அமெரிக்காவில் புதிய கிளைகளுக்கு ராயல்டியை 4-லிருந்து 5 சதவீதமாக 2024 தொடக்கத்தில் உயர்த்தினார்கள்.

சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கச் சிக்கன் கடைச் சங்கிலி வேறு தினுசு. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்தான், ஏறக்குறைய எல்லாச் செலவையும் கம்பெனியே போடும். ஆனால் விற்பனையில் 15 சதவீதம், மிஞ்சும் லாபத்தில் பாதி கம்பெனிக்கு. அங்கே லாபத்திலும் கம்பெனிக்குப் பங்கு இருப்பதால், நட்டத்துக்கு விற்கச் சொல்லும் ஆசை குறைவு என்பது என் ஊகம்.

#12 ரெண்டாவது_கடை

அதேதான் சார். சலுகை விலைன்னு ஒண்ணு வரும் பாருங்க. 100-க்கு விக்கிற காம்போவை 80-க்குக் கொடுன்னு மேல இருந்து வரும். பொருள் அதே 30, சம்பளம் அதே 28, வாடகை 10, இதர 13. ராயல்டி 4, விளம்பரம் 3.20. மொத்தம் 88.20. ஒவ்வொரு காம்போவுக்கும் நான் 8.20 கையில இருந்து போடுறேன். அவங்களுக்கு 4 வந்துடுச்சு.

#13 எண்கணக்கு

இந்த இடத்தில் மட்டும் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். எல்லா காம்போவும் 80-க்கே போனால் உங்கள் கணக்கு சரி. ஆனால் மதியம் மூன்று மணிக்கு உங்கள் ஆட்கள் மேஜையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, சலுகைக்காகவே ஒருவர் உள்ளே வந்தால்? அந்த நேரத்துச் சம்பளமும் வாடகையும் அவர் வராவிட்டாலும் போகும். அவருக்காகக் கூடுதலாக ஆவது பொருள் 30, ராயல்டியும் விளம்பரமும் 7.20. 80-ல் 42.80 உங்களுக்கு மிச்சம்.

அதே சலுகையைப் பகல் ஒரு மணிக்கு, முழு விலை கொடுக்கத் தயாராக வரிசையில் நிற்கிறவருக்கே கொடுத்தால்தான் அடி. எனவே கேள்வி சலுகை வேண்டுமா என்பதல்ல, எந்த நேரத்தில், யாருக்கு என்பது. சப்வேயின் 5 டாலர் ஃபுட்லாங் (ஓரடி நீள சாண்ட்விச்) சலுகையைக் கண்டுபிடித்ததே மியாமியில் ஒரு கிளை முதலாளிதான், வார இறுதியில் காலியாகக் கிடந்த கடையை நிரப்ப. 2008-ல் கம்பெனி அதை நாடு முழுக்க எடுத்துப் போனது. ஒரு கடைக்கு மருந்தாக இருந்தது எல்லாக் கடைக்கும் தினசரிச் சாப்பாடானபோது கசந்தது. 2017 கடைசியில் அதே போன்ற 4.99 டாலர் சலுகை வந்தபோது நானூறுக்கும் மேற்பட்ட கிளைக்காரர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

#14 ரெண்டாவது_கடை

ஒத்துக்கறேன். மூணு மணிக்கு மட்டும்னு போட விட்டா நானே நாலு சலுகை போடுவேன். போட விடமாட்டாங்களே.

#15 வழக்காடி

விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது சட்டப்படி சற்றுச் சிக்கலானது. கிளை எடுத்தவர் தனி வணிகர். ஆகவே தனி வணிகரின் விலையை இன்னொருவர் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அமெரிக்காவில் 1968-ல் வந்த ஒரு தீர்ப்பு உச்ச விலை வைப்பதையே சட்டவிரோதமாக்கியது. 1997-ல் ஸ்டேட் ஆயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதன் பிறகு "இந்த விலைக்கு மேல் விற்காதே" என்று கம்பெனி சொல்வது தானாகவே தவறாகிவிடாது.

பர்கர் கிங் கிளைக்காரர்கள் 2009-ல் இதன் மேல்தான் வழக்குப் போட்டார்கள். இரட்டை சீஸ் பர்கரை 1 டாலருக்கு விற்கச் சொல்கிறார்கள், செய்யவே 1.10 டாலராவது ஆகிறது என்பது அவர்கள் வாதம். உச்ச விலை வைக்க ஒப்பந்தம் கம்பெனிக்கு இடம் தருகிறது என்ற பக்கமே நீதிமன்றம் சாய்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்ச விலையும் பரிந்துரை விலையும் சொல்லலாம். நிலையான விலையையோ குறைந்தபட்ச விலையையோ திணிக்கக் கூடாது. ஆனால் பிரான்சைஸ் முழுவதும் சேர்ந்து நடத்தும் குறுகிய காலச் சலுகைக்கு, பெரும்பாலும் 2 முதல் 6 வாரம், தளர்வு கிடைக்கலாம் என்று அவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. "குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்" என்ற வாசகம் விளம்பரத்தின் ஓரத்தில் இருப்பதற்கு அவசரப்படுத்துவது மட்டுமே காரணம் அல்ல.

கேள்வி கேட்டவரின் சீஸ் விஷயத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. சீஸ் வேண்டாம் என்று சொல்லியும் சீஸ் சேர்ந்த குவார்ட்டர் பவுண்டர் பர்கரின் விலையையே வாங்குகிறார்கள் என்று 2018-ல் ஃபுளோரிடாவில் இருவர் மெக்டொனால்ட்ஸ் மீது 5 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். தள்ளுபடி ஆயிற்று.

#16 சும்மா_வந்தவன்

சீஸ் வேண்டாம்னு சொன்னதுக்கு 5 மில்லியனா! நான் வெங்காயம், சாஸ், பிக்கிள் மூணும் வேண்டாம்னு சொல்றவன். வக்கீல் சார், என் வக்காலத்தை எடுத்துக்கோங்க.

சரி, சீரியஸா ஒரு கேள்வி. சம்பளம் கம்மின்னு தெரிஞ்சே ஏன் அங்க நிக்கிறாங்க? பக்கத்துக் கடைக்குப் போகலாமே. திறமை இருந்தா எங்கயும் மதிப்பு.

#17 பழைய_கல்லா

போகலாம்னு நினைச்சேன், போக முடியல. அதே பிராண்டோட வேற கிளை, வேற முதலாளி. மணிக்குக் கொஞ்சம் கூடத் தர்றதா சொன்னார். ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணி, "தம்பி, ஒருத்தர் ஆளை இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுன்னு எங்க ஒப்பந்தத்துல இருக்கு"ன்னார். நான் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். அதுல என் பேரே இல்லை. ஆனா கட்டினது என் காலை.

#18 வழக்காடி

அது தனிப்பட்ட ஒருவரின் குறும்பு அல்ல. பொருளாதார அறிஞர்கள் ஆலன் க்ரூகரும் ஓர்லி ஆஷன்ஃபெல்டரும் அமெரிக்காவின் பெரிய பிரான்சைஸ் சங்கிலிகளின் ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். 58 சதவீதத்தில் இந்த ஆள் பிடிக்காதே விதி இருந்தது. 2018 முதல் வாஷிங்டன் மாநில அரசு வழக்கறிஞர் ஒவ்வொரு சங்கிலியாகப் பிடித்து அதை நீக்க வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. சம்பளப் பாக்கி என்று வழக்கு வந்தால் "அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், கிளைக்காரரின் ஊழியர்கள்" என்பதே கம்பெனிகளின் வழக்கமான பதில். சீருடை, டைமர், மென்பொருள், பிக்கிள் எண்ணிக்கை வரை கம்பெனி சொன்னபடி. சம்பளம் மட்டும் கிளைக்காரர் பாடு. இருவரையும் சேர்த்து முதலாளிகளாகக் கருதலாமா என்பதில் அமெரிக்கத் தொழிலுறவு வாரியம் 2015-ல் ஒன்று சொன்னது, 2020-ல் அதைச் சுருக்கியது, 2023-ல் மறுபடி விரித்தது. கடைசியாகச் சொன்னதை 2024 மார்ச்சில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது.

#19 நள்ளிரவு_ஷிஃப்ட்

திறமைன்னு சொன்ன அண்ணனுக்கு: ஒரே நேரத்துல ஹெட்செட்ல ஒரு ஆர்டர் கேட்டு, கையில இன்னொரு ஆர்டருக்குச் சில்லறை எண்ணி, கண்ணால மூணாவது ஆர்டரோட டப்பாவைச் சரி பாருங்க. பத்து நிமிஷம் போதும். அப்புறம் பேசலாம்.

எனக்கு மணிக்கு எவ்வளவுங்கறதை விட எத்தனை மணிங்கறதுதான் பிரச்சனை. மென்பொருள் ஒவ்வொரு கால் மணிக்கும் எவ்வளவு விக்கும்னு கணிச்சு ஆள் போடும். மழை பெஞ்சு கூட்டம் வரலைன்னா மேனேஜர் வந்து தோள்ல கை வெப்பார்: "இன்னிக்குச் சீக்கிரம் கிளம்பிக்கிறியா?" கேள்வி மாதிரி இருக்கும். இல்லைன்னா அடுத்த வாரச் சீட்டுல என் பேர் ரெண்டு நாள்தான் இருக்கும். ராத்திரி ஒண்ணரைக்குக் கடை சாத்திட்டு, காலையில ஆறுக்கு மறுபடி திறக்க வந்த நாளும் உண்டு.

#20 மட்டுறுத்துநர்

#16, #19: தனிமனித உரசல் வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, போகட்டும்.

#21 எண்கணக்கு

சாத்தி, உடனே திறக்கும் அந்தக் கொடுமைக்கு நியூயார்க் நகரத்தில் விலை வைத்திருக்கிறார்கள். 2017 முதல் அங்கே ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலிகள் 14 நாள் முன்பே ஷிஃப்ட் சீட்டு கொடுக்க வேண்டும். முதல் நாள் சாத்தியவரை 11 மணி நேர இடைவெளி இல்லாமல் மறுநாள் திறக்கக் கூப்பிட்டால், எழுத்தில் அவர் சம்மதமும் வேண்டும், 100 டாலர் கூடுதலாகவும் தர வேண்டும்.

சம்பளத்தை உயர்த்தினால் விலை எங்கோ போய்விடும் என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், நாட்டில் 60 கடைக்கு மேல் உள்ள சங்கிலிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 20 டாலர். அதற்கு முன் மாநிலத்துக்குப் பொதுவானது 16. அதாவது 25 சதவீத ஏற்றம். ரெண்டாவது கடைக்காரரின் 28-ல் 25 சதவீதம் 7. எல்லாரும் அடிமட்டச் சம்பளத்தில் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், முழுப் பாரத்தையும் விலையில் ஏற்றினால் சுமார் 7 சதவீதம். நான்கில் ஒரு பங்கு சம்பளம் ஏறினால் நான்கில் ஒரு பங்கு விலை ஏறும் என்று நினைப்பது தப்பு.

அங்கே நடந்தது என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு விலை 3.7 சதவீதம் போல ஏறியது, வேலை குறையவில்லை என்றது. வேறொரு பொருளாதாரக் குழு, அந்தத் துறையில் வேலை 2.7 சதவீதம் போலக் குறைந்தது என்றது. யார் கணக்கு சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுமே பிரளயம் இல்லை, இரண்டுமே பூஜ்யமும் இல்லை.

#22 ரெண்டாவது_கடை

7 சதவீதம்னு நீங்க சுலபமா சொல்லிட்டீங்க. நான் மட்டும் ஏத்தினா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. எல்லாக் கடைக்கும் ஒரே சட்டம்னா எனக்கும் பிரச்சனை இல்லை. இதை என் சங்கக் கூட்டத்துல சொன்னா அடிக்க வருவாங்க, இங்க சொல்லிக்கறேன்.

#23 அரைத்தட்டு

அதற்கு டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றே கிடையாது. தொழிற்சங்க ஒப்பந்தம்தான் எல்லாம். மெக்டொனால்ட்ஸ் முதலில் சேர மறுத்தது. 1980-களின் கடைசியில் துறைமுகக்காரர், லாரிக்காரர், அச்சகக்காரர் என்று பல சங்கங்களும் ஒன்றாக நின்றன: சரக்கு இறக்க மாட்டோம், கொண்டு வர மாட்டோம், உன் விளம்பரத்தை அச்சடிக்க மாட்டோம். 1989-ல் கையெழுத்துப் போட்டார்கள். கடை இன்னும் நடக்கிறது.

#24 மழைக்குருவி

படிக்கப் படிக்கத் தலை சுத்துது, ஆனா நல்லா இருக்கு. இன்னொண்ணு. ஆப்ல வாங்கினா கம்மி, நேர்ல போய் நின்னா அதிகம். இது என்ன நியாயம்?

#25 எண்கணக்கு

பலகையில் இருக்கும் விலை அவசரக்காரருக்கு. ஆப் விலை, தேடிப் பிடிக்கப் பொறுமை உள்ளவருக்கு. ஒரே பர்கரை இருவருக்கு இரண்டு விலையில் விற்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது. கூடவே நீங்கள் எந்த நேரத்தில் எதை வாங்குகிறீர்கள் என்ற பதிவேடும் கிடைக்கிறது.

இதையே வெளிப்படையாகச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டது வெண்டீஸ். டிஜிட்டல் மெனுப் பலகைக்கு 20 மில்லியன் டாலர் போடுகிறோம், 2025-ல் நேரத்துக்கு நேரம் மாறும் விலையைச் சோதிப்போம் என்று 2024 பிப்ரவரியில் தலைமை அதிகாரி சொன்னார். கூட்ட நேரத்தில் விலையேற்றமா என்று ஊரே பிடித்துக்கொண்டது. ஏற்றுவதற்கு இல்லை, தள்ளுபடி தருவதற்குத்தான் என்று பின்வாங்கினார்கள். மூன்று மணிச் சலுகையும் ஒரு மணி விலையேற்றமும் கணக்கில் ஒன்றுதான். காதில் விழும்போது வேறு வேறு.

விலைக் கோபம் எவ்வளவு தூரம் போனது என்றால், 2023-ல் கனெக்டிகட் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் 18 டாலர் பிக் மாக் காம்போவின் படம் பரவி, அடுத்த ஆண்டு மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கத் தலைவர் விளக்கக் கடிதமே எழுதினார். 2019-ல் சராசரி 4.39 டாலராக இருந்த பிக் மாக் 2024-ல் 5.29, அந்த 18 விதிவிலக்கு என்றார். அந்தக் கடையும் பயணிகள் வந்து போகிற இடத்தில்தான், #10-ஐ இன்னொரு முறை படியுங்கள்.

#26 அரைத்தட்டு

மழைக்குருவியின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. "அந்தத் தம்பி எவ்வளவு நேரம் நிக்கணும்?" விளையாட்டுக் கேள்வி இல்லை அது. பல நாட்டு மெக்டொனால்ட்ஸ் ஊழியர்களின் ஒரு மணி நேரச் சம்பளத்துக்கு எத்தனை பிக் மாக் வாங்கலாம் என்று ஆஷன்ஃபெல்டர் கணக்கெடுத்தார். எல்லா இடத்திலும் வேலை ஒன்றே, பொருள் ஒன்றே, அதனால் சம்பளத்தை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது அவர் எண்ணம். தி எகனாமிஸ்ட் 1986 முதல் போடும் பிக் மாக் குறியீடு நாட்டுக்கு நாடு பணத்தின் மதிப்பை அளக்கிறது. இது அதைச் செய்கிறவரின் நேரத்தை.

#27 நள்ளிரவு_ஷிஃப்ட்

என் கணக்கு சொல்றேன். இப்பதான் போட்டுப் பார்த்தேன். எங்க கடையோட சாதாரண காம்போ ஒண்ணுக்கு நான் ஐம்பது நிமிஷம் நிக்கணும். வெங்காயம் இல்லாம கேட்டாலும் ஐம்பதுதான். சீஸ் சேர்த்தா அஞ்சு நிமிஷம் கூட.

ஊழியர் தள்ளுபடி உண்டு, ஷிஃப்ட் இருக்கிற நாள்ல மட்டும். சீக்கிரம் அனுப்பிட்டா அன்னிக்குச் சாப்பிடவும் நேரம் இருக்காது, அதனால பையில கட்டிட்டுப் போவேன்.

மழைக்குருவி, நீங்க வெங்காயம் வேண்டாம்னு தாராளமா சொல்லுங்க. ஆர்டர் சொல்ல ஆரம்பிக்கும்போதே சொல்லுங்க, பில் போட்டு முடிச்சப்புறம் வேண்டாம். முடிச்சப்புறம்னா மேனேஜர் சாவி வந்துதான் மாத்தணும்.

பத்து மணிக்கு ஷிஃப்ட், கிளம்பறேன். சீட்டுல நாலு பேர்னு இருந்துச்சு. இப்ப மெசேஜ் வந்திருக்கு, மூணு பேராம்.